மூன்று நொடிச் சத்தம்

காலை ஆறு மணிக்குப் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மெக்கானிக்குக்கு இடது காதில் ஒரு சத்தம் கேட்டது. கேட்டதுதான் கோளாறு. அந்தக் காது வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய ஷெட். இரவு முழுக்கப் பூட்டிக் கிடந்து, பழைய ஆயிலும் ஈர ரப்பரும் கலந்த நெடி ஏறிப்போய், தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே விடியல் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும் நேரம். அங்கிருந்துதான் வந்தது. கரகரகரவென்று, தகர டப்பாவில் நட்டுகளைப் போட்டு யாரோ அவசரமாகக் குலுக்குவது போல. மூன்று நொடி. அப்புறம் நின்றுவிட்டது.

"உனக்கு ஏதாவது கேட்டுச்சா?" என்றார் மனைவியிடம்.

"பேஸ்ட் சட்டையில வழியுது. அது கண்ணுக்குத் தெரியுது. வேற ஒண்ணும் கேக்கல."

அவர் வாயைக் கொப்பளித்தார். அந்தச் சத்தம் எதனுடையது என்று அவருக்குத் தெரியும். முப்பது வருடமாகத் தெரியும். இன்ஜினுக்குள் சுற்றும் டைமிங் செயின் தேய்ந்துபோனால் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது போடும் சத்தம் அது. ஆனால் ஷெட்டுக்குள் அப்போது ஒரே ஒரு வண்டிதான் இருந்தது. அதற்கு முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கியிருந்தன. பேட்டரி கிடையாது.

அது அவருடைய தங்கையின் கார்.

அக்கம்பக்கத்தில் அவருக்குக் காதுக்காரர் என்றுதான் பெயர். ஓடும் இன்ஜின்மேல் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியை இடது காதில் அழுத்தி, கண்ணை மூடி நிற்பார். மற்ற மெக்கானிக்குகள் இரண்டு நாள் பிரித்துப்போட்டுத் தேடுவதை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்த காதை, இரும்பு தேய்க்கும் கிரைண்டர் மிஷின் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் குருவிச் சத்தம் போனது. பிறகு போன் மணி. பிறகு கீழே விழும் ஸ்பூன். கடைசியில் மெல்லிய சத்தம் எதுவும் இடது காதுக்கு இல்லை, வலதுக்கும் அரைகுறைதான். மனைவியின் திட்டு மட்டும் எந்தச் சேதாரமும் இல்லாமல் வந்து சேர்ந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. காதுக்காரருக்குக் காது கேட்கவில்லை என்றால் அவர் யார்? வண்டி வந்தால், "சத்தம் எப்படி வருதுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க" என்பார். அவர்கள் வாயால் கிர்ர் என்றோ டக்டக் என்றோ செய்து காட்டுவார்கள். அதை வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரைக் காதில் ஒட்டி, கண்ணை மூடி, தலையை ஆட்டி, தெரிந்ததைச் சொல்வார். பத்துக்கு எட்டு சரியாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தங்கை மட்டும் வாயால் செய்து காட்டவில்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். எதையும் காலத்தோடு செய்கிறவள். பன்னிரண்டு வருட வண்டி, ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. "செயினை இப்பவே மாத்திடலாமா அண்ணா?" என்று வந்து நின்றாள்.

"ஓடுற வண்டியை எதுக்கும்மா பிரிக்கணும்? சத்தம் வரட்டும், பாத்துக்கலாம்."

"சத்தம் வந்தப்புறம் மாத்துனா அது வைத்தியம். நான் கேக்குறது அதுக்கு முன்னாடி பண்றதை." கொஞ்சம் தயங்கினாள். "அதுவும் இல்லாம, காலையில ஏதோ கேக்குற மாதிரி இருக்கு. எனக்குச் சரியா சொல்லத் தெரியல. நீதான் கேட்டுச் சொல்லணும்."

வண்டியை இரவு ஷெட்டிலேயே விட்டாள். செயின் சத்தம் ஆறிய இன்ஜினில்தான் தெரியும் என்பதை அவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எல்லாம் கீழே வடிந்திருக்கும்; ஸ்டார்ட் பண்ணியதும் அது மேலே ஏறிச் செயினை இழுத்துப் பிடிக்கிற வரைக்கும் தளர்ந்த செயின் அடித்துக்கொள்ளும். மூன்று நொடி என்றால் தேய ஆரம்பித்திருக்கிறது. பத்து நொடி என்றால் இன்றைக்கே மாற்று. நிற்காமல் கேட்டால் வண்டியில் ஏறாதே.

மறுநாள் காலை போனட்டைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரை வைத்து, அவளைச் சாவி போடச் சொன்னார். இன்ஜின் எழுந்தது. காதில் கைப்பிடியின் அதிர்வு மட்டும் இருந்தது. திறந்த போனட்டுக்குப் பக்கவாட்டில் நின்றபடி, கண்ணாடி வழியே தங்கையின் முகத்தைப் பார்த்தார். அவள் புருவம் சட்டென்று சுருங்கியது. உதட்டைக் கடித்தாள். இரண்டு நொடி, மூன்று நொடி. பிறகு அந்த முகம் தளர்ந்து, கேள்வியோடு அவரைப் பார்த்தது.

அவளுக்குக் கேட்டிருந்தது. அது அவருக்குத் தெரிந்தது. "எனக்குக் கேக்கல, உனக்குக் கேட்டுச்சா?" என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு வாய் வரவில்லை.

"பட்டு மாதிரி ஓடுது" என்றார்.

அவள் முகத்தில் வந்த நிம்மதியைத்தான் அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை. தன் காதை நம்பாமல் அண்ணன் காதை நம்பிவிட்டாள். ஏழு வாரம் கழித்து, பாலத்தின் நடுவில், வேலைக்குப் போகிற அவசரத்தில் வண்டிகள் நெருக்கியடித்துப் போகும் நேரத்தில், அவள் இன்ஜின் அப்படியே நின்றது. பின்னால் வந்த லாரிக்கு நிற்க இடமில்லை.

பூட்டிய ஷெட்டிலிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்த இரண்டாம் நாள் காலை அது ஐந்து நொடி கேட்டது. மூன்றாம் நாளும் ஐந்து. நான்காம் நாள் பதினொன்று. அவர் குளியலறையில் வாளியைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். தங்கையின் கணவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். மெலிந்து, சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது. கார் எங்கெங்கோ இருந்துவிட்டு அவர் கைக்குத் திரும்பி வந்தபோது, வேறு யாரிடமும் கொடுக்க மனசில்லாமல் நேராக மச்சான் ஷெட்டில் கொண்டுவந்து இறக்கியவர் அவர்தான். தார்ப்பாய் போர்த்திய வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பிரிச்சுப் பாத்தீங்களா மச்சான்?"

"இன்னும் இல்ல மாப்ள."

"பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும். ஆயில் மாத்துற வேலை என்னோடது. கெடு நாலாயிரம் கிலோமீட்டர் தாண்டிப்போச்சு. அவ மூணு தடவை ஞாபகப்படுத்தினா. பரீட்சை பேப்பர் திருத்தணும், அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளினேன்." தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆயில் கெட்டுப் போனா இன்ஜின் நிக்கும்தானே? நான்தான் அவளைக் கொன்னேனா? எதுவா இருந்தாலும் மறைக்காதீங்க. உங்க வார்த்தைதான் எனக்கு."

இவன் ஒன்றும் செய்யவில்லை, நான்தான், சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார் காதுக்காரர். "பாத்துச் சொல்றேன் மாப்ள" என்றார். தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

அன்றைக்கே மத்தியானம் பிரித்தார். பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் ஒரு துண்டு செயின் நழுவி அவர் முழங்கைமேல் விழுந்தது. மீதி அடியில் சுருண்டு கிடந்தது. நிதானமாக எடுத்து, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணியும் தேய்ந்து நீண்டிருந்தது. செயினை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் கடைசி எல்லைவரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆயில் கறுத்திருந்தது, ஆனால் இன்னும் மூவாயிரம் கிலோமீட்டர் தாங்கும். மாப்பிள்ளைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது பல மாதமாகச் சத்தம் போட்ட செயின். காது உள்ள யாருக்கும் கேட்டிருக்கும்.

இரண்டு துண்டையும் ஒரு டின்னில் போட்டு டீசலை ஊற்றி, பெஞ்சின்மேல் வைத்தார். இனிமேல் அந்த இன்ஜினுக்குள் அடித்துக்கொள்ள எதுவும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே ஷெட்டைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். கூரையிலிருந்து பனி சொட்டியது. டின்னில் டீசல் அசையாமல் இருந்தது. அடியில் செயின் தெரிந்தது. வண்டிமேல் தார்ப்பாய் அசையவில்லை.

ஆறு மணி.

கரகரகரகர.

டின்னைப் பார்த்தார். டீசலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சத்தம் இன்ஜினிலிருந்து வந்தது. செயின் இல்லாத இன்ஜினிலிருந்து. முப்பது நொடி. நாற்பது. எழுந்து போனார். தார்ப்பாயை விலக்கினார். ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். நுனியை வைத்தார். கைப்பிடியை இடது காதில் அழுத்தினார்.

எவ்வளவு துல்லியம்! இருபது வயதில்கூட இப்படிக் கேட்டதில்லை. ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாகக் கேட்டது. சக்கரத்தின் எந்தப் பல்லில் ஏறுகிறது, எந்த இடத்தில் நழுவுகிறது, எந்தக் கண்ணி முதலில் விடப்போகிறது, எல்லாம். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது. அத்தனையும் இப்போது கேட்டது. இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது.

அதற்குப் பிறகு சத்தம் நிற்கவில்லை. டீ குடிக்கும்போது கேட்டது, மற்ற வண்டிகளைப் பார்க்கும்போது கேட்டது, மனைவி பேசும்போது அவள் வார்த்தைகளுக்கு நடுவில் கேட்டது. இரண்டு நாள் தூக்கமில்லை. அவருக்கு ஒன்று மட்டும் புரிந்தது: இது ஆவியோ பேயோ எதுவானாலும் கேட்பது ஒன்றைத்தான். சொல்லச் சொல்கிறது. மாப்பிள்ளைக்குப் போன் செய்து வரச் சொன்னார்.

மாப்பிள்ளை வெயிலில் வேர்த்து வந்தார். ஷெட் வாசலிலேயே நின்றார். உள்ளே வரப் பயப்படுவது போலிருந்தது.

"சொல்லுங்க மச்சான். ஆயில்தானே?"

செயின், நான், காது என்று மூன்று வார்த்தை நாக்கின் நுனியில் இருந்தது. தலைக்குள் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் கண்களைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை; அவர் சொல்வதை அப்படியே நம்பத் தயாராக இருந்தது அந்தப் பார்வை. இந்த மனுஷன் என்னை இனிமேல் எப்படிப் பார்ப்பான் என்று ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணம்தான்.

"ஆயிலும் ஒரு காரணம்தான் மாப்ள" என்றார்.

சத்தம் நின்றது.

சட்டென்று, சுவிட்சை அணைத்தது போல. மாப்பிள்ளை தலையை இரண்டு தடவை ஆட்டினார். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கனமான சாமானை உள்ளே வாங்கி வைத்தவர் மாதிரி ஒரு நிமிடம் குனிந்து நின்றுவிட்டு, "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி மச்சான்" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போனார்.

சொல்ல வெட்கமான விஷயம், அன்றிரவு காதுக்காரர் நன்றாகத் தூங்கினார். மறுநாளும் தூங்கினார். ஆறு நாள் காலையில் ஷெட் வெறும் ஷெட்டாக இருந்தது. நன்றாகச் சாப்பிட்டார். எப்போதாவது மாப்பிள்ளையின் குனிந்த முதுகு நினைவுக்கு வரும். அப்போது ஸ்பேனரைக் கொஞ்சம் பலமாகத் திருகுவார். தங்கை போட்டோவை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஏழாம் நாள் மனைவி சொன்னாள். "மாப்பிள்ளைக்கு என்னன்னு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க. போன்ல ஒவ்வொண்ணையும் நாலு தடவை சொல்ல வேண்டியிருக்கு. கத்திக் கத்திப் பேசறார். பக்கத்துல ஏதாவது மிஷின் ஓடுதான்னு கேட்டேன். உங்களுக்கும் கேக்குதான்னு சந்தோஷப்பட்டார்."

காதுக்காரர் ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

பட்டப்பகல் மூன்று மணி. தெருவில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. நடுக்கூடத்து நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் திருத்தாத பரீட்சைப் பேப்பர்கள், சிவப்புப் பென்சில், ஆறிப்போன டீ. அறைக்குள் ஒரு நெடி. சூடான ஆயிலின் நெடி.

"வாங்க மச்சான்!" என்று கத்தினார். "நல்லவேளை வந்தீங்க! முதல்ல காலையில மட்டும் மூணு நொடி வரும். அப்புறம் நின்னுடும். இப்ப நாள் பூரா. நேத்துல இருந்து வேற எதுவுமே கேக்கல!"

"மாப்ள..."

"உங்க காதை வெச்சுப் பாருங்க! டாக்டருக்குப் பிடிபடல. உங்களுக்குப் பிடிபடும்!"

சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். காதுக்காரர் அந்த முதுகுக்கு அருகே மண்டியிட்டார். இடது காதைப் பதித்தார். தோல் கொதித்தது.

கரகரகரகரகர.

அதே செயின். அதே கண்ணிகள். எது முதலில் விடப்போகிறது என்பதுகூடத் தெரிந்தது. தலையை எடுத்தார். பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

முதுகுத் தோலுக்கு அடியில் ஏதோ ஓடியது. சின்னச் சின்ன மேடு. ஒன்றன்பின் ஒன்றாக. இடுப்பிலிருந்து ஏறியது. தோள்பட்டைக்கு அடியில் வளைந்தது. மறுபக்கம் இறங்கியது. மறுபடி ஏறியது.

"நான்தான் மாப்ள!" என்றார். அழுகை வந்தது. "ஆயில் இல்ல! செயின்! அவ கேட்டா, மாத்தச் சொன்னா, எனக்குக் காது கேக்கல, கேட்ட மாதிரி சொல்லிட்டேன்! உங்க மேல ஒரு தப்பும் இல்ல!"

மாப்பிள்ளை தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தார். அழுகிற முகத்தைப் பார்த்துக் குழம்பி, மரியாதையாகச் சிரித்தார். கையைக் காதருகே குவித்தார். "இந்தச் சத்தத்துல ஒண்ணும் விழல மச்சான்! இது நின்னதும் சொல்லுங்க!"

நிற்கக் கூடாது. அவருக்குத் தெரியும். நிற்கவே கூடாது.

பென்சிலைப் பாய்ந்து எடுத்தார். ஒரு பேப்பரைத் திருப்பிப் போட்டார். 'உங்க தப்பு இல்ல' என்று எழுத வேண்டும். 'உங்க' என்று எழுதினார். முதுகில் மேடுகள் தளர்ந்தன. ஒன்றுக்கொன்று இடைவெளி விழுந்தது. ஒன்று நழுவியது. இன்னொன்று. 'தப்' என்று எழுதினார்.

டக்.

பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. எங்கோ ஒரு குருவி. எல்லாமே அவருடைய இடது காதில்.

மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பி உட்கார்ந்தார். முகம் மலர்ந்திருந்தது. சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, கீழிருந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார்.

"நின்னுடுச்சு மச்சான்" என்றார், மெல்லிய, பழைய குரலில். "இப்ப நல்லா கேக்குது. சொல்லுங்க."

காதுக்காரர் அந்தத் திறந்த சட்டைக்குள் பார்த்தார். நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை. ஒரு நிமிடம் பார்த்தார். விரல்கள் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தன; கண்கள் இமை தட்டாமல், அன்போடு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.